மரத்தில் முதல் மனித உருவம்: முகத்தைக் கடைசிக்கு வையுங்கள்

கேள்வி இதுதான்: "பூ, இலை, எழுத்து என்று மரத்தில் கொஞ்சம் செதுக்கிப் பழகியிருக்கிறேன். இப்போது ஒரு மனித உருவம் செய்ய ஆசை. என்ன மரம் எடுப்பது, எத்தனை உளி வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் முகம் மட்டும் செய்து பழகிவிட்டு அப்புறம் உடம்புக்குப் போகலாமா?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தடுக்கி விழுகிற இடம் அதுதான். முகத்தை முதலில் தொடாதீர்கள். மரத்தில் வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. கண்ணும் மூக்கும் அழகாக அமைந்துவிட்ட பிறகு, தலை உடம்புக்குப் பெரிதாக இருக்கிறது என்றோ, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றோ தெரிந்தால், அந்த அழகான முகத்தையே சீவி எறிய வேண்டும். மனசு வராது. தவறான தலையைக் காப்பாற்ற உடம்பு முழுவதையும் வளைக்கத் தொடங்குவீர்கள். மனித உருவம் என்பது தலை, மார்புக்கூடு, இடுப்பு என்ற மூன்று பெரிய திரள்கள். அவற்றைத் தாங்கும் இரண்டு கால்கள். இந்த மூன்று திரள்களும் ஒன்றுக்கொன்று சரியாக உட்கார்ந்துவிட்டால், கண், மூக்கு இல்லாத கட்டைகூட மனிதராகத் தெரியும். உட்காராவிட்டால் எவ்வளவு நுணுக்கமான முகமும் அதைக் காப்பாற்றாது.

முதல் உருவத்துக்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். மரப்பாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நவராத்திரிக் கொலுவில் ஆணும் பெண்ணுமாக ஜோடியாக நிற்கும் அந்தப் பொம்மையைச் செதுக்குபவரின் கண்ணோடு ஒருமுறை திருப்பித் திருப்பிப் பாருங்கள். நேராக நிற்கிறது. கைகள் உடம்போடு ஒட்டியிருக்கின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது என்று அதிகம் எதுவும் இல்லை. குழந்தைகள் கீழே போட்டாலும் உடையாமல் தலைமுறை தாண்டி வருவதற்கு அந்த அடக்கமான வடிவம்தான் காரணம். மரத்தின் இழை தலையிலிருந்து கால்வரை நெடுக ஓடுகிறது. அந்த ஓட்டத்தை எந்த உறுப்பும் குறுக்கே வெட்டவில்லை. செம்மரத்தில் செய்வது வழக்கம் என்றாலும் அந்த மரத்தைத் தேடிப் போகாதீர்கள். செம்மரத்துக்கும் சந்தனத்துக்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. கற்றுக்கொள்ள அவை தேவையும் இல்லை.

இழை ஓட்டம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கையை முன்னால் நீட்டியபடி ஒரு உருவத்தை ஒரே கட்டையில் செதுக்கினால், அந்தக் கைக்குள் இழைகள் குறுக்காக ஓடும். நீளம் ஒரு விரல் அகலம்தான் இருக்கும். லேசாகத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடையும். பழைய ஆட்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். எகிப்தில் சக்காராவில் கிடைத்த கா-அபர் என்ற அதிகாரியின் மரச்சிலை ஏறக்குறைய 4,500 ஆண்டுப் பழமையானது. உயரம் 112 செ.மீ., அத்தி இன மரம். அதைத் தோண்டி எடுத்த கூலியாட்கள் தங்கள் ஊர்த் தலைவரைப் போலவே இருக்கிறது என்று சொல்லி 'ஊர்த் தலைவர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவு உயிர்ப்பு. அந்தச் சிலையின் கைகள் தனியாகச் செதுக்கி உடம்பில் பொருத்தப்பட்டவை. ஆகவே கையைத் தனித் துண்டில், அதன் நீளவாக்கில் இழை ஓடும்படி செய்து பொருத்துவது குறுக்கு வழி அல்ல, மரத்தை மதித்துச் செய்கிற வேலை. ஆனால் அது உங்கள் மூன்றாவது, நான்காவது உருவத்தில். முதல் உருவத்தில் கைகள் உடம்போடு ஒட்டியே இருக்கட்டும். பாதங்கள் முன்னால் நீள்வதால் அங்கும் இதே பலவீனம் உண்டு. பாதத்தின் கீழே ஒரு பீடத்தை விட்டுவைத்தால் அது தீர்ந்தது.

இனி மரம். நம் பக்கத்தில் கற்றுக்கொள்பவருக்கு நான் முதலில் சொல்வது குமிழ். வெளிர் நிறம், மென்மை, காய்ந்த பிறகு அதிகம் முறுக்காது. பென்சில் கோடும் நிழலும் அதில் தெளிவாகத் தெரியும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பிகள் வாகை, மா, வேம்பு போன்றவற்றில் செய்கிறார்கள்; பச்சைமலை அடிவாரத்து ஊர் அது. ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுப்பது அவர்கள் வேலையின் சிறப்பு. 2020இல் புவிசார் குறியீடு பெற்றார்கள். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் கிடைத்தது. வாகை நல்ல மரம்தான், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் இல்லாமல் அதில் உட்காராதீர்கள். தேக்கை எல்லோரும் சொல்வார்கள். தேக்கில் மணல்சத்து இருப்பதால் உளியின் முனை சீக்கிரம் மழுங்கும். சாணை பிடிக்கவே இன்னும் கை பழகாத ஒருவருக்கு அது பெரிய தொல்லை. கருங்காலி, ஈட்டி பக்கமே இப்போது போக வேண்டாம்.

மரவாடியிலோ அறுவை மில்லிலோ துண்டுக் கட்டை கேளுங்கள். வெட்டு முகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டு வளையங்களின் நடுப்புள்ளி அந்தத் துண்டுக்குள் இருந்தால் வாங்காதீர்கள். காயும்போது மரம் வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வேறுபாட்டை நடுப்புள்ளி உள்ள கட்டையால் தாங்க முடியாது. வெளியிலிருந்து நடுவை நோக்கி வெடித்தே தீரும், பெரும்பாலும் நீங்கள் முடித்த முகத்தின் வழியாக. பெரிய உருவம் செய்தவர்கள் எல்லோரும் இந்த வெடிப்போடு போராடியவர்கள்தான். ஜெர்மனியின் சிற்பி ரீமன்ஷ்னைடர் லிண்டன் மரச் சிலைகளின் முதுகைக் குடைந்து உள்ளீடற்றதாக்கினார். ஜப்பானில் சிற்பி ஜோச்சோ 1053இல் முடித்த அமிதா புத்தர், பல துண்டுகளைச் சேர்த்து உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்தது. நீங்கள் செய்யப்போவது ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரமான சிலை; நடுப்புள்ளி இல்லாத, நன்றாகக் காய்ந்த துண்டாக எடுத்தாலே போதும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு நிழலில் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பச்சைக் கட்டை கிடைத்தால் இரண்டு வெட்டு முகங்களிலும் பெயின்ட்டோ மெழுகோ பூசி நிழலில் போட்டுவைத்து, அதை அடுத்த சிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு வருவோம். இதில் நம் சிற்ப மரபு கையில் கொடுத்திருக்கும் தாள முறை அற்புதமான கருவி. முகத்தின் நீளம் ஒரு தாளம்; அதில் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் சிலையின் உயரத்தைப் பொறுத்து மாறும் பங்கு, இஞ்ச் அல்ல. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், மும்மூர்த்திகளுக்கு 124 அங்குல உத்தம தசதாளம் என்று உருவத்துக்கு உருவம் மாறும். பழகுவதற்கு 112 அங்குல உத்தம நவதாளம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்கு 2.5 மி.மீ. என்று வைத்தால் கணக்கு வெண்ணெயாக வரும். உச்சியிலிருந்து மயிர்க்கோடுவரை 1 செ.மீ., முகம் 3, கழுத்து 1, கழுத்தடியிலிருந்து மார்புக் காம்புக் கோடுவரை 3, அங்கிருந்து தொப்புள் 3, தொப்புளிலிருந்து தொடைச் சந்து 3. இதுவரை 14. பிறகு தொடை 6, முழங்கால் 1, கணைக்கால் 6, பாதத்தின் உயரம் 1. இதுவும் 14. மொத்தம் 28 செ.மீ., சரிபாதி தொடைச் சந்தில் விழுகிறது. உங்கள் வீட்டில் யாரையாவது சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். உடம்பின் நடு தொப்புள் என்று நினைத்திருப்போம். அதைவிடக் கீழே, இடுப்பு மூட்டுக்கு அருகில்தான் நடு வரும். புதிதாகச் செய்பவர்களின் சிலைகளில் கால் குட்டையாகிப் போவதற்குக் காரணம் இந்த ஒரு நினைப்புதான்.

குறுக்கு அளவுகள்: இந்த உயரத்துக்குத் தோள் அகலம் ஏறக்குறைய 7.5 செ.மீ., மார்பின் முன்பின் கனம் 4, பாதத்தின் நீளம் 4க்குச் சற்று மேல். கை தொங்கும்போது முழங்கை தொப்புளுக்குச் சற்று மேலே, மணிக்கட்டு தொடைச் சந்து மட்டத்தில், விரல் நுனி நடுத்தொடையில். உள்ளங்கையோடு விரல் சேர்ந்த நீளம் முகத்தின் நீளத்துக்குச் சமம். உங்கள் கையை முகவாயில் வைத்து நெற்றிவரை பொருத்திப் பார்த்தால் தெரியும். கையைச் சிறிதாகச் செய்துவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பெரிதாக வைத்துத் தொடங்கினால் பிறகு குறைக்கலாம்.

ஆகவே 34 செ.மீ. நீளம், 9 அகலம், 6 கனம் உள்ள கட்டை எடுங்கள். கீழே மிஞ்சும் 6 செ.மீ. பீடத்துக்கும், வைஸில் பிடிப்பதற்கும். பிடிக்க இடம் விடாமல் தொடங்கியவர்கள் பாதி வேலையில் சிலையை மடியில் வைத்துச் செதுக்கப் பார்ப்பார்கள், கையில் தையல் விழுவது அப்படித்தான். பரம்பரைச் சிற்பிகள் தரையில் உட்கார்ந்து கால்களால் கட்டையைப் பிடித்து வேலை செய்வதைப் பார்த்து நீங்களும் அப்படி முயல வேண்டாம். சிறு வயதிலிருந்து அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம் அது. உங்களுக்கு விதி ஒன்றே: இரண்டு கைகளும் எப்போதும் உளி முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

கட்டையைத் தொடும் முன்பு காகிதத்தில் அதே அளவில் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரையுங்கள். பக்கத்தோற்றத்தைத் தவிர்க்கவே கூடாது. பக்கத்திலிருந்து பார்த்தால் மனிதர் நேர்க்கோடு அல்ல: கழுத்து முன்னால் சாய்ந்து தலையைத் தாங்குகிறது, மார்புக்கூடு சற்றுப் பின்னால் சாய்கிறது, இடுப்பு முன்னால் கவிழ்கிறது, முழங்காலுக்குக் கீழே கால் பின்னால் போகிறது. இந்த நெளிவு இல்லாவிட்டால் சிலை விறைத்து நிற்கும். பிறகு அதே அளவில் களிமண்ணில் ஒன்று செய்யுங்கள். நிறைய பேர் இந்தப் படியைத் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். நான் மன்றாடியே கேட்பேன், தாண்டாதீர்கள். களிமண்ணில் ஒட்டலாம், எடுக்கலாம், இடுப்பைத் திருப்பிப் பார்க்கலாம். மரத்தில் வரும் சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் பதில் அந்தக் களிமண் உருவத்தில் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செதுக்க வேண்டும்.

உளிகள் ஆறு போதும். இரண்டு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைந்த, மிக லேசான வளைவுள்ள நகவுளி ஒன்று, பெரிய பரப்புகளுக்கு. நடுத்தர வளைவில் 12 மி.மீ. ஒன்று. ஆழ வளைவில் 10, 6 மி.மீ. என இரண்டு, குடைவதற்கு. 12 மி.மீ. பட்டை உளி ஒன்று. துணி மடிப்பு, முடி இவற்றுக்கு வி வடிவ உளி ஒன்று. வெளிநாட்டு உளிகளில் எண் பொறித்திருப்பார்கள். எண் கூடக் கூட வளைவின் ஆழம் கூடும். 3, 5, 7, 9 என்று பார்த்து வாங்கலாம். முப்பது உளி கொண்ட மலிவுப் பெட்டியை வாங்குவதைவிட ஊரில் நல்ல கொல்லர் இருந்தால் அவரிடம் நான்கு உளி அடித்து வாங்குவது மேல். கூடவே ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தி), ஒரு சிறு கத்தி, மெல்லிய பல் ரம்பம், ஓர் அரம். மரப் பிடியுள்ள உளியை இரும்புச் சுத்தியால் அடிக்காதீர்கள், பிடி பிளந்துபோகும்.

உளியை வாங்கியதும் வேலைக்கு ஆகாது, தீட்டினால்தான் ஆகும். சரிவு 20 முதல் 25 பாகை. 1000 எண் கல்லில் பிசிர் எழும்வரை, பிறகு 6000 எண் கல்லில், கடைசியாக மெருகேற்றும் பச்சைப் பசை தடவிய தோல் வாரில் பின்னோக்கி இழுத்து. நகவுளியைக் கல்லில் வைத்துச் சுழற்றியபடி தீட்ட வேண்டும், வளைவின் எந்தப் புள்ளியும் விடுபடக் கூடாது. சோதனை எளிது: மென்மரத் துண்டில் இழைக்குக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். வெட்டிய பள்ளம் பளபளக்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கீறல் ஓடினால் முனையில் எங்கோ ஒரு சிறு பல் இருக்கிறது. வேலைக்கு நடுவே கால் மணிக்கொரு முறை தோல் வாரில் நாலு இழுப்பு. மழுங்கிய உளிதான் ஆபத்தானது. பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும், வழுக்கும்போது அந்தப் பலம் முழுவதும் கைமேல் போகும்.

இனி வெட்டலாம். வரைபடத்தைக் கட்டையின் முன்முகத்திலும் பக்கமுகத்திலும் ஒரே மட்டத்தில் பதியுங்கள். தொப்புள் கோடு இரண்டு முகத்திலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று மூலை மட்டம் வைத்துச் சரிபாருங்கள். முதலில் பக்கத்தோற்றத்தின் வெளிக்கோட்டை ரம்பத்தால் அறுத்து எடுங்கள், கோட்டுக்கு 2, 3 மி.மீ. வெளியே. அறுத்த துண்டுகளை டேப் போட்டு அதே இடத்தில் ஒட்டிவிட்டு, கட்டையைத் திருப்பி முன்தோற்றத்தை அறுங்கள். துண்டுகள் ஒட்டியிருப்பதால் கட்டை ஆடாது, முன்முகக் கோடும் அழியாது. டேப்பைப் பிரித்தால் சதுரச் சதுரமாக, மூலை மூலையாக ஒரு மனிதர் நிற்பார். பலரும் இங்கேதான் அவசரமாக மூலைகளை உருட்டத் தொடங்குகிறார்கள். பொறுங்கள்.

தலை உச்சியிலிருந்து பீடம்வரை முன்னும் பின்னும் நடுக்கோடு போடுங்கள். சிற்பிகள் பிரம்ம சூத்திரம் என்று சொல்வது இந்த நடுக்கோட்டைத்தான். செதுக்கச் செதுக்க அது அழியும். அழிந்தால் அடுத்த வெட்டுக்கு முன் மறுபடி போட வேண்டும், எத்தனை முறையானாலும். அந்தக் கோடு இல்லாமல் செதுக்கினால் ஒரு தோள் மற்றதைவிடத் தடித்துப் போயிருப்பது முடிந்த பிறகுதான் தெரியும்.

மூலைகளை முதலில் 45 பாகையில் தட்டையாகச் சீவுங்கள். தலை, மார்பு, இடுப்பு மூன்றும் எட்டுமுகப் பெட்டிகளாகட்டும். தட்டையான முகங்களை இடதும் வலதும் ஒப்பிட முடியும், உருண்டையை ஒப்பிட முடியாது. கைக்கும் விலாவுக்கும் நடுவே வி உளியால் கோடு பிரித்து, கையைப் பின்னால் ஒரு படி தள்ளுங்கள். கால்களுக்கு நடுவே ஒரு பள்ளம் போதும், ஊடுருவத் துளைக்க வேண்டாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து முடிக்காதீர்கள். பத்து வெட்டுக்கு ஒருமுறை சிலையைத் திருப்பி, எல்லாப் பக்கமும் சேர்ந்து மெலிந்துவரும்படி பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி விளக்கை வைத்தால் மேடு பள்ளம் தானே பேசும்.

வெட்டும் திசையில் தவறினால் மரம் பிளக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்ட வேண்டும், எப்போதும். கழுத்தை எடுத்தால், முகவாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு வெட்டு, தோளிலிருந்து மேல்நோக்கி ஒரு வெட்டு. இரண்டும் கழுத்தின் குறுகலில் சந்திக்கும். இடுப்பும் அப்படி, முழங்காலின் பின்பள்ளமும் கணுக்காலும் அப்படி. உளி திடீரென்று உள்ளே இழுத்துக்கொண்டு போவதாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். கணுக்காலை மெலிய வைப்பதில் ஆசைப்படாதீர்கள். சிலையின் மொத்தப் பாரமும் அதன் மேல்தான். புடவைக் கொசுவமோ வேட்டி மடிப்போ கால்களுக்கு நடுவே இறங்கும்படி விட்டால் பலமும் ஆயிற்று, அழகும் ஆயிற்று.

முகம் இப்போது. 3 செ.மீ. முகத்தில் இமையும் கருவிழியும் வெட்டப் போகாதீர்கள். முகத்தை மூன்று சம பங்காகப் பிரியுங்கள்: மயிர்க்கோடு முதல் புருவம், புருவம் முதல் மூக்கடி, மூக்கடி முதல் முகவாய். முகம் தட்டையான தட்டு அல்ல, மூக்கின் முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் காதை நோக்கிப் பின்வாங்கும் ஆப்பு. முதலில் அந்த ஆப்பை எடுங்கள். புருவக் கோட்டில் நகவுளியால் கண்குழி இரண்டு, மூக்கடியில் உளி தாண்டாமல் தடுக்க ஒரு நிறுத்த வெட்டு, உதட்டுக்குக் கீழே ஒரு சிறு பள்ளம். இவ்வளவுதான். கைதூரத்தில் வைத்துப் பார்த்தால் நிழல்களே கண்ணாகிவிடும். கண்கள் உச்சிக்கும் முகவாய்க்கும் ஏறக்குறைய சரிபாதியில், புருவக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். நெற்றியின் உயரத்தை நாம் எப்போதும் குறைத்தே நினைக்கிறோம். காது, பக்கத்தோற்றத்தில் தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால்.

முழுமையான முகத்தைத் தனியாகப் பழக வேண்டும் என்றால், இந்தச் சிலை முடிந்ததும் ஒரு சாண் கட்டையில் தலையை மட்டும் பெரிதாகச் செய்யுங்கள். அங்கே கண் என்பது முதலில் குழிக்குள் ஓர் உருண்டை, அதன் மேல் போர்த்திய தோலே இமை. கோடாக வரைந்து வெட்டினால் கண் தட்டையாகவே இருக்கும். உதடுகளும் பல்வரிசையின் வளைவைச் சுற்றிப் போகின்றன.

உப்புத்தாளை உளி வேலை முழுவதும் முடியும்வரை தொடாதீர்கள். அதன் மணல் துகள் மரத்தில் புதைந்து, பிறகு உளியை வைத்தால் முனையைத் தின்றுவிடும். என் விருப்பம், உப்புத்தாளே வேண்டாம் என்பது. கூரிய உளியின் கடைசி வெட்டுகள் விட்டுச்செல்லும் சிறு சிறு தளங்களில் வெளிச்சம் விளையாடுவது, வழவழப்பாகத் தேய்த்த உருவத்தில் கிடைக்காது. ஆளிவிதை எண்ணெய் மெல்லிய இரண்டு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள்.

நிற்கிற உருவம் ஒன்றிரண்டு கைவந்த பிறகு, ஒரு காலில் பாரத்தை ஊன்றிய நிலைக்குப் போங்கள். ஊன்றிய கால் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் இறங்கும், தலை மறுபடி எதிர்ப்பக்கம் சாயும், மூன்று வளைவுகள் கொண்ட திரிபங்கம் அதுதான். அதற்குப் பாடம் வேண்டுமானால் உங்கள் ஊர்த் தேர்முட்டிக்குப் போய், தேரின் அடுக்குகளில் இருக்கும் உருவங்களை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து வரையுங்கள். உளி எந்தத் திசையில் போனது என்பது பல இடங்களில் இன்னும் தெரியும். முறையாகவே படிக்க நினைத்தால் மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. இல்லையென்றால் அரும்பாவூருக்கோ கள்ளக்குறிச்சிக்கோ போய், ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு, கட்டையிலிருந்து தோள் எப்படி வெளியே வருகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருங்கள்.